விரத காலத்து மாத்திரை

சீவலப்பேரி
9 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய ஸ்வாமிநாதன் சார்வாளுக்கு, போன ஐப்பசியில் நீங்கள் பெங்களூரில் இருந்து வந்திருந்தபோது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அடுத்த கட்டிலில் கிடந்த கொம்பையா எழுதுகிறேன்.

இதை நானே எழுதுகிறேன். யாரும் கூட உட்காரவில்லை. எழுபது வயதைத் தாண்டி நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். காலையில் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் வெயில் வாசல் முழுக்க வந்துவிட்டது. விரல் வலிக்கிறது. நிறுத்த மனம் இல்லை. நாற்று நடுவது போலத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக ஊன்ற வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் ஒரு வரி நிற்கிறது!

"கையிலதான் ஃபோன் இருக்கே, பேசுனா தீந்துச்சு. இதுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று என் வீட்டுக்காரி இசக்கித்தாய் கேட்டாள். ஃபோனில் எப்படிப் பேசுவது? என் பக்கத்தில் மகன் இருப்பான். உங்கள் பக்கத்தில் உங்கள் மகள் இருப்பார். இன்றைக்கு எத்தனை தரம் போனது, ரத்தம் உண்டா, சளி உண்டா என்றெல்லாம் நாம் கேட்டுக்கொள்ள முடியுமா? வார்டில் வெட்கம் இல்லாமல் பேசினோம். அந்தப் பேச்சு இனிமேல் காகிதத்தில்தான் முடியும்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போவதை எல்லாம் நீங்கள்தான் எனக்குப் பையச் சொன்னீர்கள். நம் இருவருக்கும் பெருங்குடலில் ஒரே மாதிரிப் புண், இது ஒட்டுவாரொட்டி இல்லை, யாருடைய பாவமும் இல்லை என்று சொன்னீர்கள். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் முத்துமாலை எடுக்கிற முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்த பிறகு, வெளியில் நானாக வாசித்த முதல் வார்த்தை அந்த வார்டில் இருந்த 'கழிப்பறை'. சத்தமாக வாசித்துவிட்டேன். நர்ஸ் ஸ்டெபி ஓடி வந்து, "என்ன அய்யா, அவசரமா?" என்றது. இல்லையம்மா, சந்தோஷம் என்றேன். நீங்கள் கட்டிலில் குலுங்கிச் சிரித்தீர்கள்.

இப்போது ரத்தம் நின்றுவிட்டது. பெரிய மாத்திரையைக் காலையிலும் சாயந்திரமும் விழுங்குகிறேன். பழைய சோறு ஒத்துக்கொள்கிறது.

மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. அங்கே சாமியாடுகிறவன் நான். எனக்கு முன்னால் என் அப்பா. மேளம் ஏறும்போது சாமி என் மேல் இறங்கும். ஊர் என்னிடம் குறி கேட்கும். என்ன சொன்னேன் என்று பிறகு எனக்கே தெரியாது. போன வருஷம் மத்தியானக் கொடையில், நல்ல மேளத்துக்கு நடுவில், வயிறு பிசைந்தது. சாமி என்னை விட்டு எங்கே போனாரோ, இடுப்பில் கட்டியிருந்த சல்லட உடுப்பைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடினேன்.

"ஏலே, சாமி எங்கலே ஓடுது?"

"வேட்டைக்குப் போகுதுலே!"

ஊரே சிரித்தது. இனி என் அண்ணன் மகன் செந்தில்முருகன் ஆடட்டும் என்று கோயிலில் பேச்சு வந்தது. கடைசியில், "இந்த ஒரு வருஷம் கொம்பையாவையே பார்ப்போம்" என்று விட்டிருக்கிறார்கள். நான் கேட்பது அதிகம் இல்லை சார்வாள். மேளம் தொடங்கியதில் இருந்து அடங்குகிற வரைக்கும் ஒரே ஒரு தடவை முழுசாக நிற்க வேண்டும்.

கொடைக்கு ரெண்டு வாரம் முன்னால் கோயிலில் கம்பு நட்டுக் கால்நாட்டு முடிந்ததும் விரதம். ஒரு வேளை பச்சரிசிச் சோறு, பிறகு பாலும் பழமும். வேறு எதுவும் வாயில் படாது. மாத்திரையைக்கூடத் தொடமாட்டேன். அவ்வளவு சுத்தமாக இருப்பேன். அதனால் சாமி கைவிடமாட்டார் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு
கொம்பையா (கையெழுத்தும் நானே)


பெங்களூரு
19 பிப்ரவரி 2025

அன்புள்ள கொம்பையா அண்ணாச்சி,

வங்கிக் கடிதமும் விளம்பரத் தாளும் தவிர வேறெதையும் பார்த்திராத எங்கள் அடுக்ககத் தபால் பெட்டியில் உங்கள் உறை கிடந்ததைக் காவல்காரர் கையோடு மேலே கொண்டுவந்து கொடுத்தார். என் மகள் ஹம்ஸினி, "யாருப்பா இது? ஒவ்வொரு எழுத்தும் தேர் மாதிரி அசையாம நிக்கறதே!" என்றாள். உள்ளே இருந்ததைக் காட்டவில்லை. நம் விஷயம் நம்மோடு.

கழிப்பறை வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'மாத்திரையைக்கூடத் தொடமாட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணாச்சி, போன வருஷம் ரத்தம் மறுபடி எப்போது தொடங்கியது என்று வார்டில் கேட்டேன். கொடைக்கு முந்தின வாரம் என்றீர்கள். அப்போதும் விரதம் என்று மாத்திரையை நிறுத்தியிருந்தீர்களா? அப்படியானால் உங்களை வாய்க்காலுக்கு ஓட வைத்தது அந்த விரதமாகத்தான் இருக்க வேண்டும். நம் வியாதி என்னவென்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் கிருமிகளை, உடம்பின் காவல்படை திடீரென்று பகையாளி என்று நினைத்துப் பாய்கிறது. அந்தச் சண்டையில் புண்ணாவது குடல். அதை அடக்கி வைத்திருப்பது மாத்திரை. நன்றாக இருக்கிறோமே என்று விட்டால் சண்டை மறுபடி மூளும். பாலும் உங்களுக்கு ஆகாது. வார்டில் ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டு நாம் இருவரும் பட்ட பாடு மறந்துபோயிற்றா?

என்னைப் பாருங்கள். நான் எந்த வம்புக்கும் போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் குழைந்த வெள்ளைச் சோறு, வடிகட்டிய மோர், உப்பு. காய் இல்லை, பழம் இல்லை, பருப்பு இல்லை. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆனால் பயமில்லாமல் இருக்கிறேன்.

மாத்திரை உணவல்ல. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அன்புடன்
ஸ்வாமிநாதன்


சீவலப்பேரி
2 மார்ச் 2025

சார்வாளுக்கு,

கோபமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விட்டது. மிச்சத்தை எழுதுகிறேன்.

விரதம் என்னை ஓட வைத்தது என்று எழுதிவிட்டீர்கள். என் அப்பா விரத நாளில் காய்ச்சலில் கிடந்தார். கஷாயம்கூடத் தொடவில்லை. மாத்திரை உணவு இல்லை என்கிறீர்கள். அது தொண்டை வழியாக வயிற்றுக்குள் போகிறதா இல்லையா? போனால் அது தின்றதுதான். ரெண்டு இட்லியை மருந்து என்று சொல்லித் தின்றால் சாமி ஏற்குமா? நீங்கள் படித்தவர். நான் உங்களை மதிக்கிறேன். சாமி காரியத்தை எனக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எனக்குப் புத்தி சொல்கிற நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நான் விரதம் இருப்பது வருஷத்தில் ரெண்டு வாரம். நீங்கள் ஐப்பசி முடிந்ததில் இருந்து விரதம் இருக்கிறீர்கள். அதுவும் எந்தச் சாமிக்கு என்று தெரியாமல் இருக்கிறீர்கள். இதை இசக்கித்தாயிடம் சொன்னேன். "அந்த மனுசன் பயத்துக்கு விரதம் இருக்காரு" என்றாள்.

எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தேன். கொஞ்சம் கூடிப்போனது. அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன்.

கொம்பையா


பெங்களூரு
11 மார்ச் 2025

கொம்பையா அண்ணாச்சிக்கு,

உங்கள் வயிறு, உங்கள் சாமி. நான் தலையிட்டது தவறு.

உங்கள் மனைவி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

ஸ்வாமிநாதன்


சீவலப்பேரி
30 மார்ச் 2025

சார்வாள்,

உங்கள் கடிதம் ரொம்பச் சின்னது. எனக்கு வாசிக்க லேசாக இருக்கட்டும் என்று சின்னதாக எழுதவில்லை, அது தெரிகிறது. நான் எழுதியது உங்களுக்கு வலித்திருக்கிறது. இப்போது எனக்கு வலிக்கிறது.

வியாழக்கிழமை டவுன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற நிலோஃபர் அம்மாவிடம் அனுப்பினார். அந்தப் பிள்ளையிடம் என் சங்கதியோடு உங்கள் சங்கதியையும் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. 'ஒரு கூட்டாளி' என்றேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "அந்த மெலிஞ்ச சார்தானே?" என்றது.

அது சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன்.

"அய்யா, நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமி இருக்கு. எல்லாமே கெட்டதுன்னு நினைச்சுராதீங்க. நாம செரிக்காம விடுத காய்கறி நாருதான் அதுல நல்லதுக்குச் சாப்பாடு. அது நாரைப் புளிக்கவச்சு ஒரு சத்தை உண்டாக்குது. அந்தச் சத்தை வச்சுத்தான் குடல் தோலே பொழைக்குது."

"சோத்துல தண்ணி ஊத்தி வச்சா புளிக்குமே, அப்படியாம்மா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"ஒருத்தர் நாரே திங்காம அதுகளப் பட்டினி போட்டாருன்னா?"

"குடலுக்கு மேல வழுவழுன்னு ஒரு பூச்சு இருக்கும் அய்யா. அதுதான் வேலி. பட்டினி போட்டா கிருமி அந்த வேலியையே திங்க ஆரம்பிக்குதுன்னு எலியில பாத்திருக்காங்க. மனுசருக்கு எவ்வளவு தூரம்னு இன்னும் முடிவாச் சொல்ல முடியாது. ரத்தம் வடியும்போது நாரைக் குறைக்கத்தான் செய்யணும். புண்ணு ஆறுன பொறவும் பயந்துக்கிட்டே இருக்கக் கூடாது. பைய பைய சேக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணு. நல்லா வெந்து, மசிச்சு. ஒருத்தருக்கு ஒத்துக்கிடுதது இன்னொருத்தருக்கு ஒத்துக்கிடாது. அவங்கவங்க வயித்தைக் கேட்டுத்தான் பாக்கணும்."

பழைய சோற்றைப் பற்றியும் கேட்டேன். ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம், மாத்திரைக்குப் பதில் என்று மட்டும் நினைக்கக் கூடாது என்றது.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. கொடையில் நாங்கள் சாமிக்கு மட்டும் படைப்பதில்லை. கூட வருகிற பூதகணங்களுக்கும் சோற்றை உருட்டி எறிவோம். அவை கண்ணுக்குத் தெரியாது. அவற்றை மறந்தால் படைத்தவன் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும் என்பார்கள். சார்வாள், உங்கள் கணங்கள் பட்டினி கிடக்கின்றன. கொஞ்சம் பூசணிக்காயை வேகவைத்துப் போடுங்கள்.

என் காரியம்தான் முடியவில்லை. மாத்திரையை விட்டால் புண் திரும்பும் என்று நிலோஃபர் அம்மாவும் சொல்லிவிட்டது. புரிகிறது. நீங்கள் சொன்னதும் சரிதான். ஆனால் அப்பா வைத்த விரதத்தை நானாக மாற்ற முடியாது. சாமிதான் உத்தரவு தர வேண்டும். ஊரில் எவனுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என் முன்னால் வந்து நின்று சாமியிடம் கேட்பான். எனக்குச் சந்தேகம் வந்தால் நான் யார் முன்னால் போய் நிற்பேன்? சாமி வரும்போது நான் இருக்கமாட்டேனே!

இதற்கு ஒரு வழி தெரிந்தால் எழுதுங்கள். இனிமேல் கோபப்படமாட்டேன். கோபமாக எழுதினால் கை ரொம்ப வலிக்கிறது.

கொம்பையா


பெங்களூரு
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாச்சி,

உங்களுக்கு வழி சொல்லத் தெரியவில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை முதல்முறையாக ஹம்ஸினியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்தவள் நேராகச் சமையலறைக்குள் போனாள். அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணத்தில் மசித்த பூசணிக்காய். உப்பும் கொஞ்சம் நெய்யும் மட்டும்.

"அப்பா, நாலு மாசமா நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கணங்களுக்காவது ஒரு ஸ்பூன் போடு."

சாப்பிட்டேன். அதற்குப் பிறகு கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியில், ரயிலுக்குக் காத்திருப்பவன் மாதிரி செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். ரயில் வரவே இல்லை. மறுநாள் வழக்கமான நேரத்தில், வழக்கம்போலத்தான். மூன்று நாள் கழித்துக் கேரட். அதற்குப் பிறகு பாதி வாழைப்பழம். பீன்ஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு நாள் முழுக்க வயிற்றில் உருட்டல். அதை ஒதுக்கிவிட்டேன். முன்பு போல அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கவில்லை. இங்குள்ள டாக்டரும் இதே முறையில் போகச் சொன்னார்.

வாழைப்பழத்தின் ருசி எனக்கு மறந்தே போயிருந்தது, அண்ணாச்சி. இந்த வயதில் ஒருவன் வாழைப்பழத்துக்காகக் கண் கலங்கினான் என்று யாரிடம் சொல்வது! உங்களுக்கும், முகம் தெரியாத உங்கள் மனைவிக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். பயத்துக்குத்தான் விரதம் இருந்தேன். உங்கள் வீட்டு அம்மா சொன்னது சரி.

உங்கள் கால்நாட்டு நெருங்குகிறது. நான் கோயில் காரியத்தில் வாயைத் திறக்கமாட்டேன். என்ன முடிவானாலும் எழுதுங்கள். கெட்ட செய்தியாக இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள்
ஸ்வாமிநாதன்


சீவலப்பேரி
19 ஏப்ரல் 2025

சார்வாள்,

வாழைப்பழம் படித்து நானும் இசக்கித்தாயும் சிரித்தோம். பிறகு அவள் கண்ணைத் துடைத்தாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

நேற்று கால்நாட்டு. கோயில் முன்னால் கம்பு நட்டு, எனக்குக் காப்புக் கட்டி, மேளத்தைத் தட்டினார்கள். எனக்கு அருள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

இசக்கித்தாய் எல்லாரையும் தள்ளிவிட்டு முன்னால் வந்தாளாம். வழக்கமாக அவள் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறவள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இதை மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

"அய்யா, உம்ம ஆளு வயித்துப் புண்ணுக்கு மாத்திரை திங்கணுமாம். விரதத்துல தின்னா குத்தமா? நீரு இப்பமே சொல்லும்!"

எனக்கு நினைவு திரும்பியதும், தண்ணீரைக் குடித்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"சாமி என்ன சொல்லிச்சு?"

"'குதிரைக்குப் புண்ணு ஆறாம அது என்னய எப்படிச் சுமக்கும்? மருந்தைக் குடு'ன்னு சொல்லிச்சு."

"நெசமாவா?"

"நீங்க சொன்னதுதானே? என்கிட்ட கேக்கீங்க!"

மனசு கேட்கவில்லை. செந்தில்முருகனைத் தனியாகக் கூப்பிட்டேன். கூட்டத்தில் அவன்தான் என்னைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

"ஏலே, உன் காதுல என்னலே விழுந்துச்சு?"

"'குதிரைக்குப் புண்ணு ஆறாம அது என்னய எப்படிச் சுமக்கும், மருந்தைக் குடு'ன்னீங்க சித்தப்பா."

"மேளச் சத்தத்துல அவ்வளவு தெளிவாவா கேட்டுச்சு?"

"எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ரெண்டு பேரும் ஒரு சொல்கூட மாறாமல் சொன்னார்கள். பேசி வைத்துக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு நினைப்பு. வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தேன். நான் இந்த வருஷமும் ஓடினால் சாமியாட்டம் செந்தில்முருகனுக்குத்தான் வரும். எனக்கு மாத்திரை கிடைப்பதில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. அப்படி இருந்தும் அந்தப் பையன் அதைத்தான் சொன்னான். அவன் மேல் நான் வைத்திருந்த கசப்பு அந்த இடத்திலேயே போய்விட்டது.

மேளக்காரர்களிடம் கேட்கலாம் என்று ஒரு தரம் நினைத்தேன். கேட்கவில்லை. சாமி சொன்னது என்றால் சாமிக்கு நன்றி. இவர்கள் சொன்னது என்றால் இவர்களுக்கு நன்றி. நேற்றுச் சாயந்திரம் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, மாத்திரையை விழுங்கினேன். இன்று காலையிலும் விழுங்கிவிட்டேன். பாலை நிறுத்திவிட்டு மோர். பழம் நன்றாகக் கனிந்தது மட்டும்.

கொடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

கொம்பையா


சீவலப்பேரி
3 மே 2025

அன்புள்ள சார்வாள்,

கொடை முடிந்த மறுநாள் காலை இது. ஊர் இன்னும் தூங்குகிறது. பந்தலில் ஒரு நாய் மட்டும் சுற்றுகிறது. எனக்கு உள்ளங்கால் இரண்டும் கொப்பளம். எழுந்து நடக்க முடியவில்லை. ஆனாலும் உங்களுக்கு எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

நேற்று மத்தியானம் சல்லடம் கட்டும்போது வயிறு ஒரு தரம் உருண்டது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கச்சையை இறுக்கிக்கொண்டிருந்த செந்தில்முருகனுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து காதில், "சித்தப்பா, வாய்க்கால் பக்கம் வழி விட்டுத்தான் நாற்காலி போட்டிருக்கேன். ஓடுனா ஓடுவோம். நானும் கூட ஓடிவாரேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே மேளம் ஏறியது.

பிறகு நான் கண்ணை விழித்தபோது மேளம் அடங்கியிருந்தது. நான் கோயில் முன்னால், மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தேன். சல்லடம் இறுக்கமாக இருந்தது. கட்டின இடத்திலேயே இருந்தது. "முழுசா ஆடிட்டீரு வே!" என்று பெரியவர்கள் வந்து தோளைத் தட்டினார்கள். போன வருஷம் சிரித்த பையன்களே திருநீறு வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தனையும் நான் முறைக்கவில்லை.

இரவில் மயானத்துக்கு வேட்டைக்குப் போகிற ஆட்டம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் தீப்பந்தத்தை நானே செந்தில்முருகன் கையில் கொடுத்தேன். "சித்தப்பா, உங்களுக்கு முடியலையா?" என்று பதறினான். முடியுதுலே, முடியும்போதே குடுக்கேன் என்றேன். அவன் என் காலில் விழுந்தான். வேட்டைக்கு அவன் போனான். நான் வீட்டுக்கு வந்து, சாமிக்கு வைத்த படப்புச் சோற்றில் கறியை ஒதுக்கிவிட்டு, வெறும் சோறு ரெண்டு கவளம் தின்றேன். அதுவே எனக்கு அமிர்தம்.

இன்று காலையில் பயந்துகொண்டே கக்கூஸுக்குப் போனேன். மெதுவாகத்தான் எட்டிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. சளி இல்லை. நல்ல உருவாக, மஞ்சளாக, ஒரே தரத்தில் முடிந்தது. நான் அங்கேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிடுகிற இடம் அது இல்லை என்று தெரியும். மாத்திரைக்கு ஒரு கும்பிடு, உங்களுக்கு ஒன்று, நிலோஃபர் அம்மாவுக்கு ஒன்று, உள்ளே குடியிருக்கிற கோடிப் பேருக்கும் ஒன்று. புண் என்றைக்கும் திரும்பாது என்று இல்லை. டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு இல்லை.

வெளியே வந்தேன். இசக்கித்தாய் வாசலில் செம்புத் தண்ணீரோடு நின்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. கையைக் கழுவிட்டு வாங்க, பசிக்கும்" என்றாள்.

கொம்பையா